பத்தூமில ஹோட்டல் போடலாமா?

துபாய்ல இருக்குற ஒரு வாசகர் கேட்டிருக்காரு: கூட வேலை பாக்குற ஜார்ஜியா நாட்டுக்காரர், அவங்க ஊர்ல கருங்கடல் ஓரமா இருக்குற பத்தூமில சின்னதா ஒரு ஹோட்டல் போடலாம்னு பார்ட்னரா கூப்பிடுறாராம், லோன் வட்டில ஒரு பங்கு கவர்மெண்ட் கட்டும், 15 வருஷம் வரி கிடையாதுன்றாராம், நம்பி பணம் போடலாமா?

சார், அவர் சொல்ற ரெண்டும் பொய் இல்ல, ஆனா ரெண்டுமே பத்தூமிக்கு இல்ல. வட்டி உதவி 2016ல ஹோட்டலுக்குன்னு வந்தப்பவே தலைநகர் திபிலிசியும் பத்தூமியும் லிஸ்ட்ல கிடையாது, ஏன்னா அங்க கூட்டம் தானா வருது, கவர்மெண்ட்டுக்கு வேண்டியது யாரும் போகாத ஊர்ல யாராவது ரூம் கட்டணும். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், அப்புறம் முழு வட்டியும் உங்க தலைல. வரி விலக்கு 2010ல கொபுலேட்டி கடற்கரைக்குப் போட்டது, பத்தூமிக்கு வடக்க 30 கிலோமீட்டர் இருக்கும், இப்ப புதுசா வர்றவங்களுக்கு அதுல என்ன மிச்சம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

கவர்மெண்ட் இல்லாம தனியாரே ஜெயிக்க முடியாதான்னு கேட்டா, ஜார்ஜியாவோட வடக்கு மலைல இருக்குற கஸ்பெகிய பாருங்க. அங்க சோவியத் காலத்து சானடோரியம் (உடம்பு தேத்திக்கப் போற விடுதி) ஒண்ணு இருந்துச்சு, அதைத் தனியார் எடுத்து 2012ல ஹோட்டலாக்கினாங்க. வராண்டால டீயோட உக்காந்தா எதுக்க மலை மேல கெர்கெட்டி சர்ச், அந்த வியூக்கே ரூம் ஓடுது! ஆனா ரோடும் விசா தளர்வும் கவர்மெண்ட் வேலை, அது இல்லாம வெறும் வியூவ வெச்சு என்ன பண்றது. (நீங்களே வளைகுடா ரெசிடென்ஸ் விசாவ காட்டித்தான அங்க போயிருப்பீங்க.)

எனக்கு பயம் வேற இடத்துல. 2011 கடைசில கருங்கடல் ஓரமா லாசிகான்னு ஒரு புது நகரமே கட்டப்போறோம்னாங்க, அடுத்த வருஷம் எலக்‌ஷன்ல ஆட்சி மாறுச்சு, திட்டம் அப்படியே நின்னுபோச்சு. 2019 ஜூலைல ரஷ்யா நேரடி ஃப்ளைட்ட நிறுத்துச்சு, திரும்ப ஓடினது 2023 மே மாசம்தான். அதனால வரவு செலவு போடும்போது சலுகைய ஜீரோன்னு வெச்சு, ஒரு சீசன் ஃப்ளைட்டே வரலன்னாலும் லோன் கட்ட முடியுமான்னு பாருங்க, முடியாதுன்னா வேண்டாம்.

இன்னொண்ணு, ஊருக்கு வெளிய இடம் சீப்பா இருக்குன்னு பார்ட்னர் காட்டினா அது விவசாய நிலமான்னு கேளுங்க, வெளிநாட்டுக்காரங்க அதை விலைக்கு வாங்க முடியாது. அவர் பேர்லயே வாங்கி வெச்சுக்கலாம்னு சொன்னாருன்னா பணம் உங்களுது, நிலம் அவரோடது. நிலம் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற பப்ளிக் ரெஜிஸ்ட்ரிய அங்க ஆன்லைன்லயே பாக்கலாம், அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.