எஞ்சினை இறக்குவதா, வண்டியை ஏற்றுவதா?

பணிமனைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகே வசிக்கிறேன். ஊரில் என் தந்தையார் ஒரு பீட்டில் கார் வைத்திருந்தார். அந்த நினைவில் சென்ற ஆண்டு, 1974ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்றை வாங்கினேன். வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் பொருத்திப் பயண வீடாக மாற்றிய வண்டி அது. 1600 சிசி எஞ்சின், கையால் மாற்றும் கியர். வண்டி சூடேறியபின் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுங்குகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. ஒரு பணிமனையில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் என அனைத்தையும் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லி, வண்டி வாங்கிய விலையில் பாதியைக் கேட்கிறார்கள். லிஃப்டுடன் இடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறை ஒன்று அருகில் இருக்கிறது. நானும் என் மைத்துனரும் சேர்ந்து இந்த வேலையைச் செய்ய முடியுமா? எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: முடியும். எஞ்சினைக் கழற்றுவதை இவ்வளவு எளிதாக வைத்த வண்டிகள் குறைவு. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். எதை இறக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பின்பக்க மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட் ஓடும் கீழ்ப் புல்லியை இரு கைகளாலும் பிடித்து, சுழற்றாமல், நேராக உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். அந்த அசைவுதான் எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் நீளவாட்டு இடைவெளி. நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்தால் அது 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய ஓர் எழுதும் தாளின் கனமளவே இருக்க வேண்டும், 0.15 என்பது தேய்மானத்தின் எல்லை. தள்ளி இழுக்கும்போது 'டக், டக்' என்று காதில் கேட்டாலே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அப்படியானால் அந்தத் தண்டின் மறுமுனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. எஞ்சினைப் பிளந்து பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து, ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, சூடான நிலையில் நிமிடத்துக்கு 2500 சுற்றில் 2 பார் அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால், நிற்கும்போது விளக்கு மினுங்குவதை எண்ணி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஸ்விட்ச்சே பழுதாக இருக்கக்கூடும்.

மூன்றாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். சொட்டும் எண்ணெயை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் அதை மறக்க மாட்டார். அந்த வாடை அடிக்கவில்லையென்றால் ஒழுகுவது எஞ்சின் ஆயில்தான். கியர்பாக்ஸையும் ஆக்சில்களையும் இறக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இந்த வண்டியில் எஞ்சின் தனியே கழன்றுவரும். கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அனைத்தையும் இறக்கியாக வேண்டும் என்று சொன்னவர் முகர்ந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி இறக்கும் வேலை. 1971 ஆகஸ்ட்டுக்குப் பின் வந்த வண்டிகளில், எஞ்சினுக்குப் பின்னால் பம்பரை ஒட்டியுள்ள கீழ்த்தகடு உடலோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு எஞ்சினைப் பின்னோக்கி உருவலாம். உங்களுடையதில் நேராகக் கீழே இறக்க வேண்டும். ஆகவே எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து ஃபேன் உறையின் உச்சிவரை அளந்து, அதோடு தள்ளுமேசையின் உயரத்தையும் ஒரு சாண் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு வண்டியின் பின்பகுதி மேலே போக வேண்டும். லிஃப்ட் இருப்பதால் தலைகீழாகச் செய்வதே நல்லது: வண்டியைத் தாழ்த்தி, எஞ்சினை உறுதியான மேசைமீது அமரவைத்து, இணைப்புகளையெல்லாம் கழற்றிய பிறகு, எஞ்சினை அசைக்காமல் வண்டியை மேலே ஏற்றுங்கள். இரண்டு பேர் எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்குவதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது.

ஆனால் இரண்டு தூண் லிஃப்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒரே கணத்தில் வாலிலிருந்து விலகும்போது வண்டியின் எடைமையம் முன்பக்கம் நகர்ந்துவிடும்; முன்பகுதி தாழ்ந்து, வண்டி லிஃப்டின் கைகளிலிருந்து நழுவக்கூடும். பின்பகுதியை லிஃப்டின் கைகளோடு பட்டை போட்டுக் கட்டி, முன்பகுதிக்குக் கீழே உயரமான தாங்கி ஒன்றை நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, எரிவாயு உருளையையும் அலமாரியில் உள்ள பாத்திரங்களையும் முந்தைய நாளே வீட்டில் இறக்கிவைத்துவிடுங்கள்.

முதலில் பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றுங்கள். பேட்டரி எஞ்சின் அறைக்குள்ளேயே வலப்புறம் இருக்கிறது. பிறகு எஞ்சின் ஆயிலை வடித்துவிடுங்கள். அது இரண்டரை லிட்டர்தான். ஏர் கிளீனரைக் கழற்றி, காயில், ஆல்டர்னேட்டர், சோக், ஆயில் ஸ்விட்ச் ஆகியவற்றின் வயர்களில் காகித நாடா ஒட்டி எழுதிவைத்த பிறகே அவற்றைப் பிரியுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியவுடன் அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு இறுக்குங்கள். வெந்நீரால் அன்றி எஞ்சின் சூட்டால் கதகதப்பாகும் வண்டி இது என்பதால், இருபுறமும் சூடான காற்றுக் குழாய்களும் அவற்றைத் திறந்து மூடும் கேபிள்களும் இருக்கும். துருப்பிடித்திருப்பவை அவைதாம், முந்தைய நாளே எண்ணெய் விட்டுவையுங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிளை மறக்காதீர்கள். அது கார்புரேட்டரிலிருந்து ஃபேன் உறைக்குள் ஒரு குழாய் வழியாகப் புகுந்து, எஞ்சினின் முன்பக்கத்துக்குப் போகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் கழன்றுவிட்டது போலவே தோன்றும். நான் முதன்முதலில் ஒரு பீட்டில் எஞ்சினை இறக்கியபோது அதைக் கழற்றாமலே ஜாக்கியைத் தாழ்த்தினேன். பாதி வழியில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏதோ போல்ட் மிச்சம் என்று எண்ணி உலுக்கியதில் கேபிள் மடிந்து நார் நாராகப் பிரிந்துவிட்டது. எஞ்சின் இறங்க மறுத்தால் அதன்மேல் கோபப்படாமல் எதை மறந்தீர்கள் என்று தேடுங்கள்.

எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைப்பவை நான்கே நான்கு. நான்குக்கும் 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். கீழே உள்ள இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஸ்டட்கள். மேலே உள்ள இரண்டு போல்ட்டுகளோ ஃபேன் உறைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை. அவற்றைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். உறையின் பக்கவாட்டில் கையை நுழைத்து, விரல் நுனியால் உலோகத்தை வருடிக்கொண்டே போனால் மணிக்கட்டு மடங்கும் இடத்தில் நட்டு தட்டுப்படும். வலப்புற மேல் போல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மைத்துனர் மேலே கையை விட்டிருக்க, நீங்கள் கீழே படுத்து மறுமுனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் இணைப்புகளை முதலிலும் கீழ் இணைப்புகளைக் கடைசியிலும் கழற்றுங்கள். அதற்கு முன்பே மேசை எஞ்சினைத் தாங்கியிருக்க வேண்டும்; கியர்பாக்ஸின் வயிற்றுக்கும் ஒரு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் விலகியதும் அது தொங்கிவிடும். எஞ்சினின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதையும் இப்போது விடுவியுங்கள்.

இனி எஞ்சினை நேர்கோட்டில் பின்னோக்கி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். கியர்பாக்ஸின் நீட்டுத் தண்டு கிளட்ச் தட்டிலிருந்து முழுவதும் விடுபடும்வரை எஞ்சினின் எடை அந்தத் தண்டின்மீது ஒரு நொடிகூடத் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் தட்டு வளையும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மேசையை ஒரு நூலளவு ஏற்றியும் இறக்கியும் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். இரு உறைகளுக்கும் நடுவே ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்புவது மன்னிக்க முடியாத தவறு. மென்மையான அந்த உலோக முகத்தில் விழும் வடுவை எந்தப் பசையும் நிரப்பாது.

முகர்ந்து பார்த்ததில் கந்தக வாடை அடித்து, கியர்பாக்ஸையும் இறக்க வேண்டியிருந்தால் மேலும் அரை நாள் வேலை. ஆக்சில்களின் உள்முனையில் பக்கத்துக்கு ஆறாக மொத்தம் 12 போல்ட்டுகள் மட்டும் கழன்றால் போதும். சக்கரப் பக்கத்து 12ஐத் தொட வேண்டாம். போல்ட்டுகளின் தலைக்குழியில் ஐம்பது வருடத்துக் கிரீஸும் மண்ணும் கல்லாக உறைந்திருக்கும். கூரான கம்பியால் அதைச் சுரண்டி எடுத்து, குழியில் பொருந்தும் பல்முனைச் சாவியைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். பாதிக் குழியில் வைத்துத் திருப்பினால் பல் மழுங்கி, அந்த ஒரு போல்ட்டே மாலைவரை உங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விடுபட்ட ஆக்சில்களைத் தொங்கவிடாமல் கம்பி போட்டு உடலோடு கட்டுங்கள். பிறகு கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் வயர்கள், எர்த் பட்டை, கியர் தண்டின் இணைப்பு, முன் மவுண்ட் என்ற வரிசை. வேகமானியின் கேபிளைத் தேடி அலையாதீர்கள். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து வராமல், முன்னால் இடது சக்கரத்திலிருந்து வருகிறது.

கேள்வி: லாரி எஞ்சினைச் செயின் பிளாக் போட்டு மேலே தூக்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த வேனில் மட்டும் ஏன் கீழ் வழியாக? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: மேலே வழி இல்லை என்பதுதான் காரணம். 1950இல் இந்த வேன் உற்பத்திக்கு வந்தபோது, பீட்டிலின் படுத்த நான்கு சிலிண்டர் எஞ்சினையே வாலில் வைத்து, முன்புற இடம் முழுவதையும் ஆட்களுக்கும் சரக்குக்கும் விட்டார்கள். எஞ்சினுக்கு மேலே சரக்குத் தளம் இருக்கிறது. பயண வீடாக மாற்றிய வண்டிகளில் அந்தத் தளத்தின்மேல்தான் இரவில் தலைவைத்துப் படுக்கிறார்கள்.

கேள்வி: இந்த எஞ்சினின் உறை மெக்னீசியம் என்கிறார்கள். தீப்பிடித்தால் அணைக்க முடியாது என்பது உண்மையா? (லண்டன் வாசகர்)

பதில்: எஞ்சின் உறை, கியர்பாக்ஸ் உறை இரண்டுமே மெக்னீசியக் கலவைதான். கனத்த உறை சட்டென்று பற்றிக்கொள்ளாது. சீவல்களும் தூளும் எளிதில் பற்றும். உறையே பற்றிக்கொள்வது பெரும்பாலும் பெட்ரோல் தீ நீண்ட நேரம் எரிந்த பிறகு. பற்றிய மெக்னீசியத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் பிரிந்து தீ சீறி எழும். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று உள்ள தூள் அணைப்பானோதான் உதவும். ஆனால் பெட்ரோலைத் தடுத்துவிட்டால் அந்த நிலையே வராது. டேங்க் எஞ்சினுக்கு நேர் முன்னால், ஒரு தகட்டுத் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. இறக்கும் வேலை முடியும்வரை அருகில் கம்பி விளக்கோ, ஹீட்டரோ, அறுக்கும் கிரைண்டரோ வேண்டாம்.

கேள்வி: பழைய எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தால், ஜெர்மனியில் பழம்வண்டிகளுக்குத் தரும் எச் எண்தகடு நிலைக்குமா? (டோர்ட்முண்ட் வாசகர்)

பதில்: பெரும்பாலும் நிலைக்காது. 30 ஆண்டுகள் கடந்து, தொடக்க நிலையிலோ அக்காலத்துக்குரிய மாற்றங்களுடனோ நல்ல நிலையில் இருக்கும் வண்டிகளுக்கே அந்தத் தகடு. அதே வகையில் வேறொரு 1600 எஞ்சினைப் பொருத்துவதில் சிக்கல் இராது. வேறு எதைப் பொருத்துவதாக இருந்தாலும், பழையதைக் கழற்றுவதற்கு முன்பே வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ட்யூஃப் அமைப்பின் பரிசோதகரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின் வெளியே இருக்கும்போதே வேறு எவற்றையெல்லாம் மாற்றிவிடுவது நல்லது? (பாரிஸ் வாசகர்)

பதில்: ஃப்ளைவீல் சீல், கியர்பாக்ஸ் தண்டின் சீல், ஆயில் கூலரின் அடி ரப்பர்கள், தேய்ந்திருந்தால் கிளட்ச் தட்டு. ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 36 மில்லிமீட்டர் நட்டு. அதைத் திரும்ப இறுக்க ஏறக்குறைய 343 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும் என்பதால், நீண்ட கைப்பிடியும் ஃப்ளைவீலைச் சுழலாமல் பூட்டும் கருவியும் முன்கூட்டியே இருக்கட்டும். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய்களை எட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய கிளட்ச் தட்டிலும் பழைய காஸ்கெட்டுகளிலும் கல்நார் இருக்கக்கூடும். காற்று பீய்ச்சி ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஓடும் ரப்பர் விளிம்பு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மேலறையில் குளிர்ந்த காற்றும், கீழே வெளியேறும் சூடான காற்றும் தனித்தனியே இருக்க வேண்டும். அவற்றைப் பிரித்துவைப்பது அந்த விளிம்புதான். அது கிழிந்திருந்தால் வெளியேறிய சூடு மீண்டும் ஃபேனுக்குள் ஏறி, புதிய பேரிங்குகள் போட்ட எஞ்சினும் முதல் மலைப்பாதையிலேயே கொதிக்கும். எஞ்சின் உள்ளே இருக்கும்போது அதைச் சீராகப் பொருத்துவது பெரும்பாடு. வெளியே இருக்கும்போது கால் மணி நேர வேலை.