ரத்தம் திடீரென்று பெருகினால் ஸ்க்ரப் நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது

கேள்வி: ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. ஒரு வயிற்று அறுவையில் திடீரென ரத்தம் கொட்டியபோது, சர்ஜன் கேட்டதை எடுத்துக் கொடுத்ததற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நானாக என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் கொடுக்க வேண்டியது பெரிய மாப், அதாவது ரத்தத்தை உறிஞ்சும் துணிப்பட்டை. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அதற்கு அப்புறம்தான். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கிளாம்ப் போட்டால் பக்கத்தில் இருக்கும் நரம்போ சிறுநீர்க்குழாயோ நசுங்கிவிடலாம். மாப்பை வைத்து அழுத்திப் பிடித்தால் கொட்டுவது குறையும், அனஸ்தீசியா டாக்டருக்கும் ரத்தம் ஏற்ற நேரம் கிடைக்கும்.

சர்ஜன் அழுத்திக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுக்கான நேரம். ரத்தத்தை உறிஞ்சியெடுக்கும் இரண்டாவது சக்‌ஷனை இணைக்கச் சொல்லுங்கள். நீளமான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ரத்தக்குழாய்க்கான வாஸ்குலர் கிளாம்ப், கட்டும் நூலான டை, ஊசி பூட்டிய நீடில் ஹோல்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக இருக்கட்டும். மாப்பை எடுத்த கணத்தில் இவை தேவைப்படும். ரத்தம் தேங்கிய இடத்தில், மின்சூட்டால் ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மி சரியாகப் பிடிக்காது என்பதால் சக்‌ஷன் முனை காயத்தை விட்டு நகரக் கூடாது.

அறைக்குள் நடமாடிப் பொருட்களை எடுத்துத் தரும் சர்க்குலேட்டிங் நர்ஸிடம் பேசும்போது பெயர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு வேலையைக் கேளுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்ததுக்குப் போங்கள். கழுவ வெதுவெதுப்பான சலைன் கேளுங்கள், உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெடும். ரத்தப் பை வந்ததும் நோயாளியின் அடையாளத்தையும் பையையும் இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. மாறிப்போன ரத்தம் உயிரையே எடுத்துவிடும்.

எவ்வளவு ரத்தம் போனது என்று கணக்குச் சொல்வதில்தான் பல தியேட்டர்களில் கோட்டை விடுகிறார்கள். நனைந்த மாப்பை எடை போட்டு, உலர்ந்த மாப்பின் எடையைக் கழியுங்கள். 1 கிராமை 1 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். சக்‌ஷன் பாட்டிலில் இருப்பதிலிருந்து, கழுவ ஊற்றிய சலைனைக் கழிக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினோம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஆகவே ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளி மேல் போர்த்திய துணியிலும் தரையிலும் போனது இந்தக் கணக்கில் வராது, அதனால் உண்மையான இழப்பு பெரும்பாலும் இதைவிடக் கூடுதல் என்பதையும் அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாப் எண்ணிக்கை குழம்புவதும் இதே பரபரப்பில்தான். புதிதாகப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டும் உடனே போர்டில் ஏற வேண்டும். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் வயிற்றை மூடும் முன்பே தயங்காமல் சொல்லுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்கலாம், மாப்பில் இருக்கும் கோடு படத்தில் தெரியும். ரத்தத்தை நிறுத்துவதற்காகச் சில மாப்களை உள்ளேயே வைத்து மூடினால், எத்தனை என்பது கேஸ் ஷீட்டிலும் ஐசியூ நர்ஸிடமும் போய்ச் சேர வேண்டும்.

இதில் பாதி வேலையைக் கத்தி வைக்கும் முன்பே முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், 500 மில்லிக்கு மேல் ரத்தம் போக வாய்ப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லி. 'ஆம்' என்று பதில் வந்தால் ரத்தம் தயாரா என்று கேளுங்கள். வாஸ்குலர் கருவிகள் அடங்கிய ட்ரேயைப் பிரிக்காமலே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.