படித்த பெண்கள் இந்தக் காலத்திலும் ஏன் கன்னியாஸ்திரி ஆகிறார்கள்? சமூக நீதிக்கு உழைக்க மடத்துக்குள் போகத்தான் வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டியதில்லை. வெளியே இருந்தபடியே என்னைவிட நன்றாக உழைக்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு வீடு, பிள்ளை, மாமியார் எல்லாம் உண்டு.

எனக்கு 29 வயது. பி.காம். முடித்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றே கால் வருடம் வவுச்சர் அடுக்கிவிட்டுத்தான் கன்னியர் சபையில் சேர்ந்தேன். காதல் தோல்வியா என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாகூடக் கேட்டிருக்கிறார். இல்லை. கனவில் மாதா வந்து கூப்பிடவும் இல்லை. கல்லூரி ஹாஸ்டலில் ஒரு சிஸ்டர் இருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் தேய்க்கும் அக்காக்களை உட்கார வைத்து நலவாரிய விண்ணப்பம் எழுதித் தருவார். எழுதி முடித்த கையோடு சிற்றாலயத்துக்குப் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இறையழைத்தல் என்பதை இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்த வேகத்தில் யாரும் சிஸ்டர் ஆகிவிட முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருச்சபைச் சட்டப்படி நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் மட்டுமே குறைந்தது 12 மாதம். அதற்கு அப்புறமும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும், அதாவது கடவுள் முன் கொடுக்கும் வாக்குறுதிகளையும், தற்காலிகமாகத்தான் கொடுக்கிறோம். மூன்றிலிருந்து ஆறு ஆண்டு, தேவைப்பட்டால் ஒன்பது வரை. தவணை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம், தடையில்லை. என் செட்டில் ஏழு பேரில் மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். அதில் ஒருத்தியின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான் நாலாவது ஆண்டில் இருக்கிறேன்.

நவதுறவில் எங்களுக்குச் சொல்லித்தந்த வாழ்க்கைகளில் ஒன்று சிஸ்டர் ராணி மரியாவுடையது. கேரளத்துக்காரர். மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற கூலிகளை வட்டிக்காரர்களிடமிருந்து மீட்கப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25 அன்று பஸ் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2017-இல் இந்தூரில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். இன்னொருவர் பெல்ஜியத்திலிருந்து 1963-இல் வந்த சிஸ்டர் ஷான் டெவோஸ். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கான தேசிய இயக்கத்தை 1985-இல் தொடங்கியவர். வீட்டுவேலையும் வேலைதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

என் வேலை இவ்வளவு பெரியது அல்ல. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நலவாரியம் இருக்கிறது. அதில் பெயரைச் சேர்க்க உதவுகிறேன், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆதாரோடு இணைந்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் ஓடிப்போன புருஷனுடையது. சரி, நம்பரை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனால் கைரேகை வைக்கச் சொல்வார்கள். இருபது வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஒரு அக்கா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். மெஷின் சிவப்பிலேயே நின்றது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அரைநாள் கூலி போனதுதான் மிச்சம். தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்துவிட்டு மறுநாள் வாருங்கள் என்று கவுன்டரில் இருந்த பையன் நல்ல மனதோடுதான் சொன்னான்.

இந்தப் பெண்கள் வேலை முடிந்து பதிவுக்கு வரவே ஏழு மணி தாண்டிவிடும். அதனால் மடத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் மாலை ஜெபமான மாலைப் புகழ் பல நாள் எனக்குத் தவறிப்போகும். மூத்த சிஸ்டர் ஒருவருக்கு அது பிடிக்காது. ஜெபத்தை விட்டுவிட்டு என்ன சங்கம் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெபம் குறைந்த மாதங்களில் நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன், அதை நானே கவனித்திருக்கிறேன். ஆனால் அதே மாலைப் புகழில்தான் தினமும் இயேசுவின் தாய் மரியாவின் பாடல் வருகிறது. பலவான்களைக் கீழே இறக்குகிற, பசித்தவர்களை நிரப்புகிற கடவுளைப் பற்றி ஒரு கிராமத்துப் பெண் பாடிய பாட்டு. அதை ராகத்தோடு பாடிவிட்டு நாங்கள் சாப்பிடப் போவோம். சமைத்து வைத்த அக்கா அந்த நேரத்தில் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

போன வருடம் மடத்துக் கணக்கை என்னிடம் கொடுத்தார்கள், பி.காம். ஆயிற்றே. சமையல் அக்காவின் சம்பளம் ஐந்து வருடமாக ஒரே தொகையில் நின்றிருந்தது. வார விடுமுறை என்று எதுவும் இல்லை. நலவாரிய அட்டையும் இல்லை! ஊரெல்லாம் போய்ப் பதிவு செய்கிறவள் நான்தான். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குச் சம்பளம் தனிக் கைக்கு வராது, சபைக்குப் போய்விடும். அதனாலேயோ என்னவோ, இன்னொருவர் சம்பளம் என்பது வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் என்பது எங்களுக்கு மறந்துவிடுகிறது. ஊர்வலத்தில் பதாகை பிடிக்க எனக்குப் பயம் இருந்ததில்லை. இந்தக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மடத்துத் தலைவியான மதரின் அறைக் கதவைத் தட்டுவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. கீழ்ப்படிதல் என்பது வாயை மூடிக்கொள்வது இல்லை என்று நவதுறவில் படித்தோம்தான். பரீட்சையில் எழுதுவது வேறு.

மதர் கோபப்படவில்லை. நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக்கு அந்த வாரமே விண்ணப்பித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு, எங்களுக்கு முறை வைத்துச் சமையல். ஜெபம் முக்கியம் என்று என்னைக் கடிந்துகொள்ளும் மூத்த சிஸ்டர் வைக்கிற மீன்குழம்பு மற்ற யாருக்கும் வராது. சம்பள உயர்வு மட்டும் ஆலோசனைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. கூட்டம் ஜூனில்.