வாசகர் கேள்வி பதில்: எல்லாமே பல்புதான்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல்பைப் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கீழக்கரையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் என்பதால் எல்லா பல்பும் எனக்குத்தான் வந்து சேர்கிறது.

எல்.இ.டி. பல்பு அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஏமாற்றுகிறார்களா?
வாசகி, தங்கச்சிமடம்

தினம் ஆறு மணி நேரம் எரித்தால் அந்தக் கணக்குக்குப் பதினோரு வருஷத்துக்கு மேல் வர வேண்டும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த மணி நேரம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகளுக்கான கணக்கு. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னச் சுற்று அதற்கு முன்பே போய்விடும். அதற்குச் சூடு ஆகாது. நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பை மாட்டினால் சூடு வெளியேற வழியில்லை.

கடைக்கு வரும் செத்த பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்கும். விலை குறைந்த பல்புகளில் சில்லுகள் பெரும்பாலும் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும்.

நம் கரையில் இன்னொன்றும் உண்டு, ஹோல்டர். உப்புக்காற்று பட்டு அதன் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும், ஸ்பிரிங் தளர்ந்துவிடும். தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதால் டிரைவர் அடிவாங்கும். பல்பை மாட்டும்போது 'சர்ர்' என்று சத்தம் வந்தால் புதுப் பல்பு வாங்காதீர்கள், முதலில் ஹோல்டரை மாற்றுங்கள். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த காலோடு நின்று செய்ய வேண்டிய வேலை இது. கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாசல் விளக்குக்கு ரப்பர் வளையம் வைத்த ஐ.பி.65 கூடு நல்லது, தூசியும் மழைச்சாரலும் உள்ளே போகாது. ஒரு அறையில் மட்டுமல்லாமல் வீடு முழுக்கப் பல்பு போகிறது என்றால் நியூட்ரல் வயர் தளர்ந்திருக்கலாம். அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், மின்வாரியத்தில் அன்றைக்கே சொல்லுங்கள்.

மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளையை 'ட்யூப்லைட்' என்கிறார்களே, ஏன்?
ஆசிரியை, தொண்டி

பழைய ட்யூப்லைட் உடனே எரியாது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடாகி, வளைந்து, தொட்டு, மறுபடி விலக வேண்டும். விலகும் கணத்தில் சோக் ஒரு பெரிய வோல்டேஜைத் தள்ளும், அப்போதுதான் எரியும். எரிந்தபின் வெளிச்சத்தில் குண்டு பல்பு அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்ல விடாதீர்கள் டீச்சர். பிள்ளை மனசில் தங்கிவிடும்.

கேமராவில் 'பல்ப்' என்று ஒரு இடம் இருக்கிறது. ஆனால் பல்பு எதுவும் எரியவில்லையே?
கல்லூரி மாணவர், மண்டபம்

எரியாது தம்பி. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும்போது நர்ஸ் அமுக்கும் ரப்பர் உருண்டை மாதிரி ஒன்று அந்தக் காலத்துக் கேமராவிலும் இருந்தது. அமுக்கினால் குழாய் வழியே காற்று போய் ஷட்டரைத் திறக்கும், விட்டால் மூடும். உருண்டை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் என்று பொருள்.

உங்கள் ஊர் இதற்கு அருமையான இடம். நிலவில்லாத இரவில், வடக்குக் கடற்கரையில் பாக் விரிகுடாவைப் பார்த்து முக்காலியை ஊன்றுங்கள். துருவ நட்சத்திரம் நமக்கு மிகத் தாழ்வு, ஒன்பது பாகை உயரம்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்துக் கடல் விளிம்பில் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். தொடுவானத்தில் மூட்டம் இருந்தால் தெரியாது, தெளிவான நாளாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் மற்ற நட்சத்திரங்கள் அதைச் சுற்றிப் பதினைந்து பாகைக்குக் கோடு போட்டிருக்கும். நடுநடுவே லென்ஸில் உப்பீரம் படிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் புத்தகத்தில் வெங்காயத்தையும் பல்ப் என்று போட்டிருக்கிறது. எங்கள் மணல்மேட்டில் நரிவெங்காயம் முளைக்கிறது. அதுவும் அப்படித்தானா? சாப்பிடலாமா?
வாசகி, மூக்கையூர்

வெங்காயத்துக்குத்தான் அந்தப் பெயர் முதலில், கண்ணாடிக்குப் பிறகு வந்தது. ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டி மகளிடம் காட்டுங்கள். அடியில் தட்டு மாதிரி இருப்பது தண்டு, அதற்குக் கீழே வேர், மேலே அடுக்கடுக்காக இருப்பதெல்லாம் உணவு சேர்த்து வைத்த இலையின் அடிப்பகுதி. பூண்டும் இந்த வகைதான். உருளைக்கிழங்கும் சேனையும் இதில் சேராது.

நரிவெங்காயமும் அதே அமைப்புதான், ஆனால் வாயில் வைக்கவே கூடாது. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. சாறு பட்டால் தோலும் அரிக்கும். இலையில்லாத நாளில் மணலிலிருந்து பூந்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளைகளுக்கு அந்த அடையாளத்தைச் சொல்லி வையுங்கள். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். அந்தக் கிழங்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவாய் பிடிக்கப் படகில் எத்தனை வாட் எல்.இ.டி. கட்டலாம்?
இளைஞர், பாம்பன்

அதற்கு நான் விளக்கு தருவதில்லை தம்பி. இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்கு வைத்து மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். வெளிச்சத்துக்குப் பெரிய கணவாய் மட்டும் வருவதில்லை, குஞ்சும் சேர்ந்து வருகிறது. ஒரு படகு மொத்தமாக வாரிக்கொண்டு போனால், பக்கத்தில் வலை போட்ட நாட்டுப்படகுக்காரர் டீசல் காசுகூட இல்லாமல் கரைக்கு வருவார்.

ஆனால் வழிவிளக்குக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். இஞ்சின் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உயரத்தில் வெள்ளை. ஏழு மீட்டருக்குக் குறைந்த, மணிக்கு ஏழு கடல் மைலுக்கு (நாட்) மேல் வேகம் போகாத சின்னப் படகுக்கு எல்லாத் திசையிலும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கு போதும். வயர் இணைப்பை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள், உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.