உள்ளங்கையில் முளைத்த முடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சட்ட நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். என்னோடு மதியம் சாப்பிடும் ஜெர்மன் வழக்கறிஞர் ஒருவர் இப்போது எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்புக்கு நியூயார்க் போகிறார். அங்கேயே தங்கும் எண்ணமும் இல்லையாம். இரண்டு அரசுத் தேர்வு, இடையில் இரண்டு வருடப் பயிற்சி எல்லாம் முடித்தவருக்கு இது எதற்கு? பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து போட்டுக்கொள்ளவா?

ம., ஃபிராங்க்ஃபர்ட்

அன்புள்ள ம.,

மூன்றெழுத்துக்காகவும்தான். உங்கள் ஊர் பெரிய நிறுவனங்களில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் நியூயார்க்கில் அவர் சட்டம் படித்த பழக்கமே ஆட்டம் காணும்.

அமெரிக்காவில் ஒப்பந்தச் சட்ட வகுப்பு பல இடங்களில் ஹாக்கின்ஸ் எதிர் மெக்கீ வழக்கில் தொடங்கும். நியூ ஹாம்ப்ஷயர், 1929. மின்கம்பி சுட்டுக் கையில் தழும்பு விழுந்த பையன். நூறு சதம் நல்ல கையாக்கித் தருகிறேன் என்று சொல்லி, டாக்டர் மார்புத் தோலை எடுத்து ஒட்டினார். உள்ளங்கையில் முடி முளைத்துவிட்டது. (ஊரின் பெயரும் பெர்லின்தான்!)

ஜெர்மனியில் படித்தவர் உடனே பிரிவைத் தேடுவார். சிவில் சட்டத் தொகுப்பில் 2013 முதல் மருத்துவச் சிகிச்சைக்கென்றே 630ஏ இருக்கிறது. டாக்டர் சிகிச்சைக்குப் பொறுப்பு, குணமாவதற்கு அல்ல. முடிந்தது.

அமெரிக்க வகுப்பில் பேராசிரியர் விடமாட்டார். டாக்டர் சொன்னது வாக்குறுதியா, நோயாளிக்குத் தைரியம் சொல்வதா? ஆபரேஷனுக்கு டாக்டரே வற்புறுத்தினார் என்பதால் என்ன மாறுகிறது? இழப்பீடு எவ்வளவு? சொன்ன கைக்கும் கிடைத்த கைக்கும் உள்ள மதிப்பு வித்தியாசம் என்றது நீதிமன்றம். ஆபரேஷன் வலிக்குக் காசில்லை. நல்ல கைக்காக அவன் கொடுக்கச் சம்மதித்த விலையில் அந்த வலியும் சேர்த்தி. நூற்றுக்கணக்கான பிரிவுகளை விரல் நுனியில் வைத்திருப்பவர், சட்டப் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஒரே கையைப் பற்றிப் பேசவேண்டும். 1870இல் ஹார்வர்டில் லாங்டெல் என்ற சட்டப் பேராசிரியர் ஆரம்பித்துவைத்த வழக்கம் இது.

இது ஒருவழிப் பாதையும் அல்ல, அமெரிக்கர்களும் ஜெர்மனிக்குப் போயிருக்கிறார்கள். அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பை வரைந்தவர்களில் முதன்மையானவரான கார்ல் லெவலின் ஜெர்மனியில் பள்ளியில் படித்தவர், லைப்சிக்கில் பாடம் நடத்தியவர்.

இன்னொன்று. எல்.எல்.எம். முடித்த ஜெர்மானியர் நியூயார்க்கில் வழக்கறிஞராவதற்கான பார் தேர்வு எழுதலாம், ஜே.டி. என்ற மூன்று வருட அமெரிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. மே மாதம் பட்டம், ஜூலையில் தேர்வு, அப்புறம்தான் விமானம் என்று வருகிறவர்கள் நிறைய. தங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் நண்பரும் அதை எழுதிவிட்டுத்தான் வருவார் என்று நினைக்கிறேன்.