மூன்று பேருக்கு இலை போட்டது யார்?

மனித மாமிசம் தின்னும் மனநல மருத்துவன் ஹானிபலையும் அவனைப் பிடிக்க வேண்டிய புலனாய்வாளன் வில் கிரஹாமையும் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘ஹானிபல்’. சென்ற இதழில் அதன் முடிவைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு, “இருவரும் பாறையிலிருந்து கடலில் விழுகிறார்கள்; அதற்கு மேல் கேட்காதீர்கள்” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். கேட்காதீர்கள் என்று சொன்னால் நம் வாசகர்கள் கேட்காமல் இருப்பார்களா? வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது நல்லது. முடிச்சுகள் அனைத்தும் இங்கே அவிழ்க்கப்படுகின்றன.

கேள்வி: வில் கிரஹாம் ஹானிபலைத் தள்ளிவிட்டானா, இருவரும் சேர்ந்து குதித்தார்களா? இதற்காக என் தோழியும் நானும் இரண்டு நாட்கள் பேசிக்கொள்ளவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தள்ளவில்லை, குதிக்கவும் இல்லை, இழுத்துக்கொண்டு விழுந்தான். அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களை நிதானமாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டாலர்ஹைட் என்ற தொடர்கொலைகாரன் செத்துக் கிடக்கிறான். தன்னைச் சிவப்பு டிராகன் என்று நம்பியவனின் இரத்தம் அவனுடைய இரு பக்கமும் சிறகு விரித்தாற்போலப் பரவுகிறது. வில்லின் கன்னத்தில் கத்தி இறங்கியிருக்கிறது. ஹானிபலின் வயிற்றைத் துப்பாக்கிக் குண்டு துளைத்திருக்கிறது. நிலா வெளிச்சத்தில் இரத்தம் உண்மையிலேயே கறுப்பாகத்தான் தெரிகிறது என்கிறான் வில். ஹானிபல் அவனைக் கைகொடுத்து எழுப்பி, உனக்காகவும் நமக்காகவும் நான் விரும்பியதெல்லாம் இதுதான் என்கிறான். “அழகாக இருக்கிறது” என்று வில் சொல்கிறான். சொல்லிவிட்டு ஹானிபலின் மார்பில் தலையைச் சாய்த்து, அவனை அணைத்தபடியே, தன் உடலின் பாரத்தைப் பாறையின் விளிம்புக்கு வெளியே சரிக்கிறான்.

“அழகாக இருக்கிறது” என்பது பொய்யாக இருந்திருந்தால் அது குற்றவாளியை ஏமாற்றிக் கொன்ற ஒரு புலனாய்வாளனின் தந்திரமாக முடிந்திருக்கும். அது பொய்யில்லை என்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரம். கொலையில் தனக்கு ஒரு ருசி இருப்பதோடு மூன்று சீசன்களாகப் போராடிக்கொண்டிருந்தவன், அதை இங்கே முழுமையாக ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட கணமே, அந்த ருசியோடு ஊருக்குத் திரும்பிப் போய் மனைவியோடும் மகனோடும் வாழ முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹானிபலைக் கொல்வதற்கும் தன்னைத் தண்டிப்பதற்கும் சேர்த்து அவனிடம் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ஹானிபலை இரண்டாவது முறை பிடிபட விடும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவன், ஹானிபலுக்கு மனநல மருத்துவராக இருந்த பெடீலியாவிடம் அதே அத்தியாயத்தில் முன்பே சொல்லிவிடுகிறான். எனவே நடந்தது திடீர் வெறியில்லை.

உங்கள் தோழியின் கட்சிக்கும் ஒரு சான்று தருகிறேன், அப்போதுதான் நட்பு பிழைக்கும். ஹானிபல் கொஞ்சமும் திமிறவில்லை. காற்றின் வாசனையை வைத்தே ஆளை அறிகிறவனுக்கு, தன்னைக் கட்டிக்கொண்டவனின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியாமல் போகுமா? அதற்குச் சற்று முன்பு, இந்தப் பாறையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

கேள்வி: எழுத்துக்கள் ஓடி முடிந்த பிறகு வரும் சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு என்ன பொருள்? அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காட்சியைப் பார்க்காமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். கில்லியன் ஆண்டர்சன் நடித்த பெடீலியா, விருந்துக்கான உடையில், மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருக்கிறாள். மேசையின் நடுவில் சமைத்து அலங்கரிக்கப்பட்ட ஒரு முழுக் கால் இருக்கிறது; அது அவளுடைய கால். மூன்று பேருக்குத் தட்டு வைத்திருக்கிறது. இரண்டு நாற்காலிகள் காலி. மயக்கம் தெளியாத கண்களோடு அவள் ஒரு முள்கரண்டியை எடுத்து, யாரும் பார்க்காதபடி மேசைக்கடியில் மறைத்துக்கொள்கிறாள். அத்துடன் தொடர் முடிகிறது.

இதை இருவிதமாக வாசிக்கிறார்கள். வில்லும் ஹானிபலும் பிழைத்து வந்துவிட்டார்கள், அவளைத் தின்பதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. அவர்கள் எப்படியும் வருவார்கள் என்ற பயத்தில் புத்தி பேதலித்து, தன் காலைத் தானே வெட்டிப் பரிமாறிவிட்டு அவள் காத்திருக்கிறாள் என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பு கெட்டிக்காரத்தனமானது. எனக்கும் சில காலம் பிடித்திருந்தது. ஆனால் அந்த முள்கரண்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. காலி நாற்காலிகளிடமிருந்து யாரும் ஆயுதத்தை ஒளிப்பதில்லை. ஒளிக்க வேண்டுமென்றால், பக்கத்து அறையில் பார்க்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். விருந்தாளியாகவும் விருந்தாகவும் உட்கார வைக்கப்பட்டவள் தானே இலை போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். “மூட்டை கட்டிக்கொள்” என்று வில் முன்பு எச்சரித்ததை அவள் கேட்டிருக்கலாம்.

எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதைத்தான் அந்த மேசை திறந்தே விட்டிருக்கிறது. இரண்டு தட்டுகள் வைத்தவர் ஒருவர்தான் என்பதும், மற்றவருக்காக வைத்த தட்டு நம் வீடுகளில் இறந்தவருக்கு வைக்கும் படையலைப் போன்றது என்பதும் சாத்தியம்தான். இந்தக் கோணத்தில் யோசித்த இரவில் எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

கேள்வி: இரண்டாம் சீசனின் முடிவுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒப்புக்கொள்கிறேன், கட்டுக்கோப்பில் அதை மிஞ்ச மூன்றாவதால் முடியவில்லை. 2014 மே 23 அன்று ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தின் பெயர் ‘மிசுமோனோ’. ஜப்பானிய விருந்தின் கடைசியில் வரும் இனிப்பு வகைக்குரிய சொல். ஹானிபலுக்கும் வில்லின் மேலதிகாரி ஜாக் கிராஃபோர்டுக்கும் சமையலறையில் நடக்கும் சண்டையை அந்த சீசனின் முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பு என்று கதையைப் பின்னுக்கு இழுத்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகும் பதின்மூன்று வாரங்கள் நம்மை உட்கார வைத்தது சாதாரண வேலையில்லை.

அந்த அத்தியாயத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு தொலைபேசி அழைப்பு. வில் ஹானிபலை அழைத்து, “அவர்களுக்குத் தெரிந்துவிட்டது” என்கிறான். அவ்வளவுதான். தொடரின் முதல் அத்தியாயத்தில், போலீஸ் வருவதற்குச் சற்று முன்பு ஹாப்ஸ் என்ற கொலைகாரனைத் தொலைபேசியில் அழைத்து, ஹானிபல் சொன்ன அதே சொற்கள் இவை. அன்று அந்த எச்சரிக்கையால் ஒரு குடும்பம் அழிந்தது. இன்று வில் அதே எச்சரிக்கையை ஹானிபலுக்குத் தருகிறான். பிடிக்க வேண்டியவனைத் தப்பிக்கச் சொல்கிறான். அவன் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாத நிலை அந்தச் சொற்களில் அடங்கிவிட்டது. தப்பிக்காமல் ஹானிபல் காத்திருந்ததும், வில்லின் வயிற்றைக் கிழித்ததும், அவன் கண்முன்னே ஹாப்ஸின் மகள் அபிகெயிலின் கழுத்தை அறுத்ததும், வில்லின் தோழியான மருத்துவர் ஆலனா மழையில் முறிந்து கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உடைந்த தேநீர்க் கோப்பை தானாக மீண்டும் ஒன்று சேருமா என்று ஹானிபல் கேட்டுக்கொண்டிருந்தானே, அந்தக் கோப்பைதான் அபிகெயில். சேர்த்தும் காட்டினான், திரும்பவும் அவனே போட்டு உடைத்தான்.

ஆனாலும் மூன்றாவது சீசனின் முடிவை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் முதல் அரை மணி நேரம் அவசரமானதுதான், சில இடங்களில் நம்பவே முடியாதது. ஒரு போலீஸ் வாகன வரிசை முழுவதையும் ஒற்றை ஆள் வீழ்த்துகிறான். ஆனால் அந்தப் பாறை வீட்டுக்குள் நுழைந்த பிறகு தொடருக்கு அவசரம் போய்விடுகிறது. மேலும் ‘மிசுமோனோ’வில் ஹானிபல் கைவிட்டுப் போனான், இதில் கைவிட முடியாதபடி வில் பிடித்துக்கொள்கிறான். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: இவ்வளவு நன்றாக இருந்தது என்றால் ஏன் நிறுத்தினார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 2013 ஏப்ரலில் தொடங்கிய தொடரை, மூன்றாம் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2015 ஜூன் 22 அன்று நிறுத்துவதாக அறிவித்தது. வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள். அங்கே சனிக்கிழமை இரவு என்பது தொடர்களைச் சாகப் போடும் திண்ணைக் கட்டில். கடைசி அத்தியாயம் ஆகஸ்ட் 29 அன்று வந்தது. மொத்தம் 39 அத்தியாயங்கள். ‘ஃபேனிபல்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ரசிகர்கள் வேறு நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. ஆகவே நீங்கள் பார்த்த இறுதி அத்தியாயம், ஒளிபரப்பாகும் முன்பே தனக்கு நான்காம் சீசன் இல்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட ஒன்று. அந்த விழுதலைப் பார்த்தவர்கள் தொடரும் சேர்ந்தே விழுகிறது என்று அழுததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: வில்லுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் மனநிலை உண்மையில் இருக்கிறதா? நான் செவிலியர் பயிற்சி மாணவி. விடுதியில் இதைப் பற்றிப் பெரிய விவாதம்.
– வாசகி, மதுரை

பதில்: கொலைகாரனின் மனதுக்குள் அப்படியே குடிபுகும் ‘முழுமையான ஒத்துணர்வு’ என்பது மருத்துவத்தில் ஒரு நோயின் பெயராக இல்லை, கதைக்காகப் புனைந்தது. ஆனால் முதல் சீசனில் அவனுக்கு வரும் மூளை அழற்சி உண்மையான நோய். காய்ச்சல், குழப்பம், இல்லாததைக் காணுதல் எல்லாம் அதில் வரக்கூடியவையே. உங்கள் பாடத்திலும் வரக்கூடிய ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறேன். ஹானிபல் அவனிடம் ஒரு கடிகாரம் வரையச் சொல்வான். வில் வரைந்து, சரியாக வரைந்துவிட்ட நம்பிக்கையோடு நீட்டுவான்; நாம் பார்க்கும் தாளில் எண்கள் எல்லாம் வட்டத்தை விட்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். மூளையின் செயல்பாட்டைச் சோதிக்க மருத்துவர்கள் இன்றும் கடிகாரம் வரையச் சொல்கிறார்கள். நோயைக் கண்டுகொண்ட மருத்துவனே அதை நோயாளியிடமிருந்து மறைத்து, உனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நம்ப வைப்பதுதான் அந்த சீசனின் உண்மையான குற்றம். வெட்டும் குத்தும் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: இது காதல் கதையா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை

பதில்: ஆம். தொடரை உருவாக்கிய பிரையன் புல்லர் அதை மறைத்ததில்லை. ஹானிபலுக்கு என்மேல் காதலா என்று வில் பெடீலியாவிடம் நேரடியாகவே கேட்கிறான். உன்னைக் காணாத நாளெல்லாம் அவனுக்குப் பசிக்கும், கண்டாலே வயிறு நிறையும் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். மனித மாமிசம் தின்பவனைப் பற்றி இப்படிச் சொல்வது எச்சரிக்கையா வாழ்த்தா என்று பிரித்தறிய முடியாது. இருவரும் விழும்போது ஒலிக்கும் பாடலைப் பாடகி சூசி சூ இந்த முடிவுக்காகவே பாடினார். அதன் தலைப்பிலேயே காதலும் குற்றமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கேள்வி: கிளாரிஸ் ஸ்டார்லிங் கடைசிவரை வரவே இல்லையே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ‘சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ கதையின் நாயகியான அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்தது, புல்லருக்குக் கிடைக்கவில்லை. ஹானிபலைப் படைத்த எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸின் 1981 ஆம் ஆண்டு நாவலில் வரும் டாலர்ஹைட்டோடு கதை நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நாவலில் வில்லின் முகம் சிதைகிறது, அவன் தனியனாகிறான். தொடரில் கன்னத்தில் இறங்கும் கத்தி அதற்குச் செய்த மரியாதை.

கேள்வி: கொலையை இவ்வளவு அழகாகக் காட்டுவது தவறில்லையா? என் மகன் கல்லூரியில் படிக்கிறான், இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது, அம்மா. பிணங்களைச் சிற்பம்போல அடுக்கிக் காட்டும் இடங்களில் எனக்கும் சங்கடம் உண்டு. சில வாரங்களில் அது அலங்காரத்துக்காகவே செய்த அலங்காரமாக இருந்தது. ஒன்றை மட்டும் தொடரின் கணக்கில் வரவு வைக்க வேண்டும்: பாலியல் வன்முறையைக் கதைக்கான மசாலாவாக்க மாட்டேன் என்று புல்லர் முடிவெடுத்து, நாவலில் இருந்ததையும் விட்டுவிட்டார். உணவைப் பொறுத்தவரை, ஜேனிஸ் பூன் என்ற உணவு அலங்காரக் கலைஞரும் ஸ்பெயினைச் சேர்ந்த புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேசும் அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். பார்க்கிறவனுக்கு நாக்கில் நீர் ஊற வேண்டும், அடுத்த நொடியே அது எதற்காக ஊறியது என்று அவனுக்கு உறைக்க வேண்டும். திட்டமிட்டே அப்படிச் செய்தார்கள். மகனோடு உட்கார்ந்து ஓர் அத்தியாயம் பாருங்கள். அவனுக்கு உறைக்கிறதா என்பதை அவன் முகமே சொல்லிவிடும்.

கேள்வி: நீங்கள் இந்தத் தொடரைச் சாப்பாட்டுக்கு முன்பு பார்த்தீர்களா, பின்பா?
– வாசகர், வேலூர்

பதில்: விவரம் தெரியாமல் முதல் அத்தியாயத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஈரல் வறுவல். ஹானிபல் அடுப்பைப் பற்றவைத்து நுரையீரலைப் பக்குவம் பார்க்கும் காட்சி வந்தபோது என் மனைவி எழுந்து, தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். இறுதி அத்தியாயத்தின்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்தார். பெடீலியா முள்கரண்டியை மறைத்ததை முதலில் கவனித்தது அவர்தான்.