அகதியும் பேய்ப்படமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈரோட்டில் எங்கள் திரைப்பட வட்டம் ‘ஹிஸ் ஹவுஸ்’ படத்தைத் திரையிட்ட பின் வந்த கேள்விகள் இவை. பதில்களில் படத்தின் முடிவும் வருகிறது.

பெருந்துறை வாசகர்: பேய் இருப்பது தெரிந்த பிறகும் அவர்கள் ஏன் அந்த வீட்டை விட்டு ஓடவில்லை?

பேய்ப்படங்களின் பழைய ஓட்டை இது. இயக்குநர் ரெமி வீக்ஸ் 2020-இல் வெளிவந்த இப்படத்தில் அதைச் சட்டத்தைக் கொண்டு அடைத்துவிட்டார். தெற்கு சூடானிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த போல் என்பவனும் அவன் மனைவி ரியாலும் அரசு ஒதுக்கிய வீட்டில்தான் வசிக்க வேண்டும், வேலைக்குப் போகக் கூடாது. நிபந்தனையை மீறினால், எங்கிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்களோ அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம். ஆகவே சுவருக்குள் இருப்பதைவிட வாசலுக்கு வெளியே இருப்பது பெரிய அச்சமாகிறது. பவானிசாகரிலும் அறச்சலூரிலும் பூலுவப்பட்டியிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் ஆள் கணக்கெடுப்புக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்முகாம்களின் பெயரில் இருந்த ‘அகதிகள்’ 2021-இல் ‘மறுவாழ்வு’ என்று மாறியது; பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை.

ஓர் எச்சரிக்கை: முகாம்வாசிகளை அழைத்துத் திரையிடுபவர்கள், கடலில் மூழ்கும் காட்சி உண்டென்று முன்னரே சொல்லிவிடுங்கள்.

பல்லடம் வாசகர்: படம் எதில் கிடைக்கும்?

நெட்ஃபிளிக்ஸ்.

கோபி வாசகர்: போலைக் குற்றவாளியாகக் காட்டுவது நியாயமா? போர்தானே குற்றவாளி?

போரிலிருந்து தப்பும் பேருந்தில் குழந்தையோடு வருபவர்களுக்கே இடம் என்றதும், அவன் நியாகக் என்னும் சிறுமியைத் தன் மகள் என்று சொல்லித் தூக்கிக்கொள்கிறான். பின்னர் அவள் கடலில் இறக்கிறாள். படம் அவனைத் தண்டிக்கவில்லை, அவன் மறக்க நினைப்பதைத்தான் தடுக்கிறது.

பொள்ளாச்சி வாசகி: அச்சிறுமியின் தாயை மறந்துவிட்டு எல்லோரும் போலுக்காக உருகுவது ஏன்?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ரியால் சொல்லும் கதையில், சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்டுத் திருடியவனின் வீட்டுக்குள் ‘அபெத்’ என்னும் பேய் குடியேறுகிறது. பறிகொடுத்தவரின் பக்கமிருந்து பேசும் கதை அது. அதை ரியால் வாயிலாகச் சொல்ல வைத்ததால் அந்தத் தாய் முற்றிலும் மறக்கப்படவில்லை என்பது என் கருத்து. ஆயினும் அவளுக்கு இன்னும் சில நிமிடங்கள் தந்திருக்கலாம்.

கோபி வாசகர் மறுபடியும்: தூக்கி வராவிட்டால் அவள் அன்றே கொல்லப்பட்டிருப்பாளே ஐயா?

இருக்கலாம். காப்பாற்றியதும் திருடியதும் ஒரே செயலாக இருக்கக்கூடும் என்பதால்தான் இக்கதைக்குப் பேய் தேவைப்படுகிறது. சாதாரண நாடகமாக எடுத்திருந்தால் நீங்களும் பொள்ளாச்சி வாசகியும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். அபெத்தை ரியால் கொன்ற பிறகும் இறந்தவர்கள் அந்த வீட்டை விட்டுப் போவதில்லை. அவர்களோடு குடியிருக்கத் தம்பதியர் இசைகிறார்கள்.

திருப்பூர் வாசகர்: இதுபோல் வேறு படம்?

மாத்தி தியோப் இயக்கி, 2019-இல் கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் பெற்ற ‘அட்லாண்டிக்ஸ்’. செனகல் நாட்டின் டக்காரில் கட்டடவேலை செய்து கூலி கிடைக்காத இளைஞர்கள் ஸ்பெயினுக்குப் படகேறிக் கடலில் மாள்கிறார்கள். பிறகு ஊர்ப் பெண்களின் உடலில் இறங்கி, முதலாளி வீட்டுக்கே போய்ப் பாக்கிக் கூலியைக் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் திரையிட வேண்டிய படம். கடலைப் பற்றிய என் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

காங்கயம் வாசகர்: நம் மண்ணில் இப்படி எடுக்க முடியுமா?

கொங்கு நாட்டின் அண்ணன்மார் (பொன்னர்–சங்கர்) கதையில் வரும் படுகளச் சடங்கைப் பாருங்கள். மாண்ட வீரர்களாக மயங்கிச் சாய்ந்தவர்களைக் கண்டு எவரும் ஓடுவதில்லை. அண்ணன்மாரின் தங்கை தங்காளின் அழுகையைக் கேட்டபடி, அவர்களை எழுப்புவதற்காகவே கூட்டம் காத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கும் இயக்குநருக்கு வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் தேவைப்படா.

தாராபுரம், அவிநாசி, பவானி வாசகர்கள்: படம் எதில் கிடைக்கும்?

பல்லடத்தாருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

அந்தியூர் வாசகர்: உண்மையிலேயே பேய் உண்டா?

அது என் துறை அன்று.

கோபி வாசகர் மூன்றாம் முறையாக: போரைத் தொடங்கியவர்களை ஏன் பேய் பிடிக்கவில்லை?

இதற்கு ஒரு படம் உண்டு. குவாத்தமாலாவின் ஜெய்ரோ புஸ்தமாந்தே 2019-இல் எடுத்த ‘லா யொரோனா’வில், பழங்குடியினரை இனப்படுகொலை செய்த முதிய தளபதியின் வீட்டுக்கே பேய் வருகிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள், தொடர்வோம்.